"ஒடி... ஒடி... நல்லா ஒடி!" - பவர் ஸ்டியரிங் இல்லாத காலத்தில் லாரிகள் நேராக ஓடிய கதை

லாரி ரிவர்ஸ் எடுக்கும்போது கிளீனர் கீழே நின்று கத்துவதைக் கேட்டிருப்பீர்கள். "லெஃப்ட்ல ஒடி... இன்னும் ஒடி... ஃபுல்லா ஒடி!" திருப்பு என்று சொல்வதில்லை, வளை என்றும் சொல்வதில்லை. கரும்பை ஒடிப்பதுபோல, விறகை ஒடிப்பதுபோல, ஒடி! இன்றைக்கு ஒற்றை விரலால் ஸ்டியரிங்கைச் சுழற்றுகிறவர்களுக்கு இந்தச் சொல் கொஞ்சம் மிகையாகத் தெரியலாம். ஆனால் ஒரு காலத்தில் அது அப்பட்டமான உண்மை. இருபது, இருபத்திரண்டு அங்குல அகலத்துக்கு முறம் மாதிரி ஒரு ஸ்டியரிங். அதைப் பிடித்து, இருக்கையிலிருந்து பாதி எழுந்து, தோளையும் இடுப்பையும் சேர்த்துப் போட்டு இழுத்தால்தான் முன்சக்கரம் அசையும்.

பழைய லாரி என்றதும் எல்லோரும் சொல்வது இந்தக் கனத்தைத்தான். அது பாதிக் கதை. மீதிப் பாதியைப் பழைய டிரைவர்களிடம் கேட்டால் தெரியும். திருப்ப முடியாத ஸ்டியரிங்கைவிடப் பயங்கரமானது, தானாகத் திரும்பும் ஸ்டியரிங்.

சாலையில் ஒரு கல். ஒரு பள்ளம். முன் டயர் ஒன்று வெடிக்கிறது. அல்லது எதுவுமே இல்லை, குறிப்பிட்ட வேகத்தைத் தொட்டதும் முன்சக்கரங்கள் இரண்டும் பேய் பிடித்ததுபோல ஆடத் தொடங்குகின்றன. இவை எல்லாமே டிரைவரின் கைக்கு வந்து சேரும். அந்தக் கை தாங்கினால் வண்டி சாலையில் இருக்கும். தாங்காவிட்டால் புளியமரத்தில் இருக்கும். இந்த இடைவெளியில்தான் ஒரு பெரிய தொழிலே பிறந்தது. ஸ்பிரிங், ஆப்பு, எண்ணெய்க் குழாய், உராய்வுப் புஷ் என்று, முன்சக்கரத்தை அடக்கி வைக்க மனிதர்கள் கண்டுபிடித்த சாமான்கள் ஏராளம்.

ஒரு டன் லாரிக்குக் காரின் ஸ்டியரிங்

கதையை அமெரிக்காவில் தொடங்க வேண்டும். 1908-ல் ஹென்றி ஃபோர்டின் மாடல் டி கார் வந்தது. 1927-ல் உற்பத்தி நிற்பதற்குள் ஒன்றரைக் கோடிக்கு மேல் விற்ற வண்டி. 1917-ல் அதன் லாரி வடிவமான டிடி வந்தது. ஒரு டன் சுமக்கும் வண்டி. நீளமான, கனமான சேஸிஸ், பின்பக்கம் பலமான ஆக்சில் எல்லாம் கொடுத்த ஃபோர்டு, முன்பக்கத்தில் கை வைக்கவில்லை. காரில் இருந்த அதே ஏற்பாடுதான் லாரிக்கும்.

அந்த ஏற்பாடு எப்படிப்பட்டது? இன்றைய வண்டிகளில் ஸ்டியரிங் கம்பியின் அடிமுனையில் கியர் பெட்டி இருக்கும். மாடல் டி-யில் அது மேலே, ஸ்டியரிங் வளையத்துக்கு நேர் கீழே இருந்தது. சில சின்னப் பல்சக்கரங்கள், அவ்வளவே. ஆரம்பத்தில் அதன் விகிதம் 4-க்கு 1. அதாவது நீங்கள் நான்கு பங்கு சுற்றினால் கீழே கை ஒரு பங்கு நகரும். பின்னாளில் இது 5-க்கு 1 ஆனது. பவர் இல்லாத கனரக லாரிகளில் இந்த விகிதம் 25-க்கு 1 வரைகூடப் போகும் என்று வைத்துப் பார்த்தால் வித்தியாசம் புரியும். மாடல் டி-யில் டிரைவரின் சின்ன அசைவும் உடனே சக்கரத்துக்குப் போனது. சக்கரத்துக்கு விழும் அடியும் அதே வேகத்தில் டிரைவருக்கு வந்தது.

இன்னொரு ஆபத்தும் உண்டு. பாகங்கள் தேய்ந்து போன வண்டியில், முழுதாக ஒடிக்கும்போது அடியில் இருக்கும் கையும் அதோடு சேர்ந்த இணைப்புக் கம்பியும் ஒரே நேர்க்கோட்டில் வந்து சிக்கிக்கொள்ளும். அப்புறம் ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் இழுத்தாலும் சக்கரம் திரும்பாது. திருப்பத்தில் போகும்போது இப்படி நடந்தால் வண்டி கவிழ்வதைத் தவிர வேறு வழியில்லை.

தள்ளுவண்டிச் சக்கரம் சொல்லும் பாடம்

இத்தனை ஆபத்து இருந்தும் அந்த வண்டிகள் பெரும்பாலான நேரம் நேராகத்தான் ஓடின. காரணம் காஸ்டர் என்ற ஒரு சாய்வு.

சூப்பர் மார்க்கெட் தள்ளுவண்டியின் முன்சக்கரத்தைக் கவனியுங்கள். அதைப் பிடித்திருக்கும் ஊசி முன்னால் இருக்கும், சக்கரம் சற்றுப் பின்தள்ளி இருக்கும். வண்டியைத் தள்ளியதும் சக்கரம் தானாகப் பின்னால் வந்து, போகும் திசைக்கு நேராக நின்றுகொள்ளும். கயிற்றில் கட்டி இழுத்த பொருள் பின்னாலேயே வருவதுபோல. சைக்கிளின் முன் ஃபோர்க் சாய்வாக இருப்பதும் இதற்காகத்தான். கையை விட்டுவிட்டு சைக்கிள் ஓட்டிக் காட்டிய அத்தனை பேரும் இந்தச் சாய்வுக்கு நன்றி சொல்ல வேண்டும்.

லாரியில் முன்சக்கரம் திரும்புவதற்கான அச்சாணிதான் கிங் பின். அதன் மேல்முனையைச் சில டிகிரி பின்பக்கமாகச் சாய்த்துவிட்டால் அதே வேலை நடக்கும். மாடல் டி-யில் இந்தச் சாய்வு ஐந்தரை டிகிரி. ஒரு திருப்பம் முடிந்ததும் ஸ்டியரிங் தானாக நேருக்குத் திரும்புகிறதே, அதில் பெரும்பங்கு காஸ்டரின் வேலை.

இந்தச் சாய்வு கெட்டால் எல்லாம் கெட்டது. மாடல் டி-யின் முன் ஆக்சிலை அதன் இடத்தில் பிடித்து வைத்திருந்தது, V வடிவத்தில் பின்னோக்கிப் போகும் ஓர் இரும்புக் கம்பி. ஆரம்ப வண்டிகளில் அது ஆக்சிலுக்கு மேல்பக்கம் பொருத்தப்பட்டிருந்தது. பலமான அடி விழுந்தால் வளைந்துவிடும். வளைந்தால் ஆக்சில் உருண்டு, பின்சாய்வு குறையும். சில சமயம் முன்சாய்வாகவே மாறிவிடும். அந்த நிலையில் சக்கரம் நேராக நிற்க விரும்பாது, திரும்பவே விரும்பும். கொஞ்சம் விட்டுக் கொடுத்தால் ஸ்டியரிங்கைக் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போகும்.

இங்கேதான் உதிரிபாகக்காரர்கள் நுழைந்தார்கள். ஆக்சிலுக்கு அடியில் கூடுதலாகப் பொருத்த இன்னொரு V கம்பியைத் தயாரித்து விற்றார்கள். 1919 மாடலில் ஃபோர்டு தன் கம்பியையே ஆக்சிலுக்குக் கீழே கொண்டுபோனது. கடைக்காரர்கள் சொன்ன மருந்தைக் கம்பெனி ஏற்றுக்கொண்டது என்று இதைச் சொன்னால் தப்பில்லை.

கம்பிக்கு அடுத்து ஸ்பிரிங். முன் ஆக்சிலுக்கும், இரண்டு சக்கரங்களையும் இணைக்கும் டை ராடுக்கும் நடுவே மாட்டும் வகைவகையான ஸ்பிரிங்குகள் அன்றைய அமெரிக்கச் சந்தையில் கிடைத்தன. சக்கரம் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஸ்பிரிங் அதை நடுவுக்கு இழுக்கும். தேய்ந்த மூட்டுகளின் ஆட்டத்தை ஒரு பக்கமாக அழுத்திப் பிடித்து, கடகடவென்ற சத்தத்தையும் நிறுத்தும். ஒரு ஸ்பேனர் இருந்தால் வீட்டு வாசலிலேயே மாட்டிக்கொள்ளலாம். மண்சாலையின் ஆழமான வண்டித் தடங்களில் நாள் முழுக்க ஓட்டும் ஒரு விவசாயிக்கு அது கை வலியைக் குறைத்தது. விற்காமல் எப்படி இருக்கும்?

சக்கரங்கள் ஆடிய நடனம்

1920-களில் ஒரு புதுத் தலைவலி வந்தது. அதற்கு வழி வகுத்தது ஒரு நல்ல கண்டுபிடிப்பு. 1923-ல் ஃபயர்ஸ்டோன் நிறுவனம் பலூன் டயரைக் கொண்டுவந்தது. அகலமானது, குறைந்த காற்றழுத்தத்தில் ஓடுவது, மெத்தை போன்றது. பயணிகளுக்குச் சுகம். ஆனால் அந்த மெத்தை டயர்கள் மாட்டிய முன்சக்கரங்கள் சில வேகங்களில் இடமும் வலமுமாக வெறித்தனமாக உதறின. அப்போது அமெரிக்காவைக் கலக்கிக்கொண்டிருந்த, தோளைக் குலுக்கி ஆடும் ஒரு நடனத்தின் பெயர் ஷிம்மி. அந்தப் பெயரையே இந்த நோய்க்கும் வைத்துவிட்டார்கள். நம்மூர் மெக்கானிக்குகள் இதை வாபிளிங் என்பார்கள்.

இது ஏன் நடக்கிறது என்பது பொறியாளர்களின் தூக்கத்தைக் கெடுத்தது. பிரெஞ்சுப் பொறியாளர் ஜார்ஜ் புரூலியே 1925-ல் டயர் பக்கவாட்டில் வழுக்கிச் செல்லும் விதத்தை விளக்கி இந்த ஆய்வுக்கு ஒரு அடித்தளம் போட்டார். டயர் மட்டுமே குற்றவாளி இல்லை என்பதும் தெரியவந்தது. சுற்றும் பம்பரத்தை ஒரு பக்கம் தட்டிப் பாருங்கள். தட்டிய பக்கம் சாயாமல் வேறு திசையில் தலையைச் சுழற்றும். முன்சக்கரமும் ஒரு பெரிய பம்பரம்தான். ஒரே கட்டையான முன் ஆக்சில் உள்ள வண்டியில், இடது சக்கரம் கல்லில் ஏறினால் ஆக்சில் முழுதும் சாய்கிறது. சாய்ந்ததும் சுழலும் இரண்டு சக்கரங்களும் பம்பரக் குணத்தைக் காட்டி ஒரு பக்கம் திரும்புகின்றன. திரும்பியதும் ஆக்சில் மறுபடி சாய்கிறது. மறுபடி திருப்பம். ஒன்றையொன்று தூண்டிவிட்டுக்கொண்டு ஆட்டம் பெரிதாகிக்கொண்டே போகும்.

கார்கள் இதற்கு ஒரு நல்ல வழி கண்டன. 1934 வாக்கில் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ், கிரைஸ்லர் நிறுவனங்களின் கார்களில் ஒவ்வொரு முன்சக்கரமும் தனித்தனியாக ஏறி இறங்கும் ஏற்பாடு வந்தது. ஒன்றின் ஆட்டம் மற்றதைத் தொற்றாது. லாரிகளுக்கு அந்தச் சொகுசு இல்லை. டன் கணக்கில் பாரம் தாங்க ஒற்றைக் கட்டை ஆக்சில்தான் மலிவு, பலம், நம்பகம். இன்றைக்கும் பெரும்பாலான லாரிகளில் அதுதான். எனவே ஆட்டத்தை அடக்கும் வேலை மற்ற சாமான்களின் தலையில் விழுந்தது.

கட்டை விரலை உள்ளே வைக்காதே!

அந்தச் சாமான்களைப் பார்ப்பதற்கு முன், ஸ்டியரிங் பெட்டியைப் பற்றி ஒரு வார்த்தை. கிட்டார் தந்தியை முறுக்கும் சாவியைப் பாருங்கள். சாவியைத் திருகினால் தந்தி இறுகும். ஆனால் தந்தி எவ்வளவு இழுத்தாலும் சாவி தானாகத் திரும்பாது. உள்ளே இருப்பது வார்ம் கியர். திருகாணி பல்சக்கரத்தை ஓட்டும், பல்சக்கரம் திருகாணியை ஓட்டாது. இதையே ஸ்டியரிங்கில் வைத்தால்? சக்கரத்துக்கு என்ன அடி விழுந்தாலும் டிரைவர் கைக்கு வராது. பிரமாதம் அல்லவா?

இல்லை. அடி வராது என்றால், காஸ்டர் தரும் நல்ல இழுவையும் வராது. திருப்பம் முடிந்த பிறகு ஸ்டியரிங் தானாக நேருக்கு வராது. ஒவ்வொரு முறையும் டிரைவரே திரும்பச் சுற்ற வேண்டும். சாலை எப்படி இருக்கிறது என்று கைக்குத் தெரியாது. அதனால் பொறியாளர்கள் ஒரு பேரத்துக்கு வந்தார்கள். பாதி அடி வரட்டும், பாதி இழுவை வரட்டும். அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் லாஃபயட் நகரில் டேவிட் ராஸ் 1906-ல் தொடங்கிய ராஸ் கியர் நிறுவனம் இந்தப் பேரத்தைக் கச்சிதமாகச் செய்த ஒன்று. திருகுத் தடம் போட்ட உருளை, அந்தத் தடத்தில் ஓடும் குமிழ் பொருத்திய ஒரு நெம்புகோல். இரண்டாம் உலகப் போரின் வில்லிஸ் ஜீப்பில் இருந்தது ராஸ் வகை ஸ்டியரிங்தான்.

பாதி அடி என்றாலும் அடி அடிதானே! ஜீப்பும் பழைய லாரியும் டிராக்டரும் ஓட்டக் கற்றவர்களுக்கு முதல் பாடமே, ஸ்டியரிங் வளையத்தின் கம்பிகளுக்கு உள்ளே கட்டை விரலைச் சுற்றிப் பிடிக்காதே என்பதுதான். கட்டை விரல் வளையத்தின் மேலேயே படுத்திருக்க வேண்டும். சக்கரம் பாறையில் மோதினால் ஸ்டியரிங் கண் இமைக்கும் நேரத்தில் சுழலும். உள்ளே இருக்கும் விரலை அந்தக் கம்பி ஒடித்துவிடும். ஒடிப்பது என்ற சொல்லுக்கு இது இன்னொரு அர்த்தம்!

இந்த அடியை மறந்து உருவான ஒரு சாமானும் உண்டு. ஸ்டியரிங் வளையத்தில் மாட்டும் உருண்டைக் குமிழ். ஒரு கையால் அதைப் பிடித்துக் கடகடவென்று சுழற்றலாம். சந்து பொந்துகளில் திருப்ப அருமையான உதவி. வேகமாகப் போகும்போது சக்கரம் அடி வாங்கினால், சுழன்று வரும் குமிழ் மணிக்கட்டைப் பெயர்க்கும், சட்டைக் கையில் மாட்டிக்கொள்ளும். அமெரிக்கர்கள் அதற்கு வைத்த செல்லப் பெயர் 'தற்கொலைக் குமிழ்'. இன்னொரு பெயர் பிராடி குமிழ். 1886-ல் நியூயார்க்கின் புரூக்ளின் பாலத்திலிருந்து குதித்ததாகச் சொல்லிப் பேர் வாங்கிய ஸ்டீவ் பிராடியின் பெயர். கிடங்குகளில் மெதுவாக ஓடும் ஃபோர்க்லிஃப்ட்களில் அந்தக் குமிழ் இன்றும் மரியாதையாக வாழ்கிறது.

ஸ்பிரிங், எண்ணெய், உராய்வு, ஆப்பு

ஆட்டத்தை அடக்கும் உதவிகளைப் புரிந்துகொள்ள, ஆபீஸ் கதவுகளின் தலையில் இருக்கும் டோர் குளோசரை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு ஸ்பிரிங் இருக்கிறது, கதவை மூடும் வேலை அதற்கு. எண்ணெயும் இருக்கிறது, கதவு படாரென்று அறையாமல் மெதுவாக மூடச் செய்வது அதன் வேலை. ஸ்பிரிங் மட்டும் இருந்தால் கதவு அறையும். எண்ணெய் மட்டும் இருந்தால் கதவு நின்ற இடத்திலேயே நிற்கும்.

ஸ்டியரிங்கிலும் அப்படியே. ஸ்பிரிங் வகை உதவி, சக்கரம் நடுவிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்பதைத்தான் பார்க்கும். அதிகம் விலகினால் அதிகம் இழுக்கும். முன் டயர் வெடித்து வண்டி ஒரு பக்கம் பாயும்போது இது ஒத்தாசை செய்யும். காற்றுப்போன டயர் தரையில் இழுபடுவதால் வண்டியையே அந்தப் பக்கம் இழுக்கும். அந்த இழுவைக்கு எதிராக டிரைவரின் கையோடு ஸ்பிரிங்கும் சேர்ந்து போராடும். ஆனால் இதன் விலை? ஒவ்வொரு திருப்பத்திலும் ஸ்பிரிங்கையும் சேர்த்து ஒடிக்க வேண்டும். ஏற்கெனவே கனமான ஸ்டியரிங் இன்னும் கனக்கும்.

எண்ணெய் வகை, அதாவது ஸ்டியரிங் டாம்பர், பார்ப்பதற்குப் படுக்க வைத்த ஷாக் அப்சார்பர் மாதிரியே இருக்கும். ஒரு முனை ஆக்சிலிலோ சேஸிஸிலோ, மறுமுனை டை ராடில். இது விலகலைப் பார்க்காது, வேகத்தைப் பார்க்கும். டிரைவர் நிதானமாகத் திருப்பினால் எண்ணெய் சின்னத் துளை வழியாக வழிவிட்டுக் கொடுக்கும். கல் அடித்து சக்கரம் வெடுக்கென்று திரும்பினால் எண்ணெயால் அவ்வளவு வேகமாக ஓட முடியாது, அடம்பிடிக்கும். அடியும் ஆட்டமும் அடங்கும், ஸ்டியரிங் அவ்வளவாகக் கனக்காது. புத்திசாலி உதவி என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் இதைத்தான் சொல்ல வேண்டும். ஆனால் நடுவுக்கு இழுத்து வருவது இதற்குத் தெரியாது. அதைக் காஸ்டர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது உராய்வு. 1948-ல் வந்த இங்கிலாந்தின் லேண்ட் ரோவரில் இது ஒளிந்திருந்த இடம் விசித்திரமானது. ஸ்டியரிங் பெட்டியிலிருந்து வரும் அசைவு நேராகச் சக்கரத்துக்குப் போகாது. முன்பக்கச் சட்டத்துக்குள் செங்குத்தாக நிற்கும் ஒரு தண்டின் வழியாகப் போகும். அதற்குப் பெயர் ரிலே. அந்தத் தண்டைக் கூம்பு வடிவப் புஷ்கள் இரண்டு பக்கமும் கவ்வியிருக்கும். நடுவில் ஒரு முரட்டு ஸ்பிரிங் அந்தப் புஷ்களை அழுத்திக்கொண்டே இருக்கும். இந்தக் கவ்வலின் உராய்வில் சாலையின் சின்னச் சின்ன அடிகள் கரைந்துபோகும். தனியாக எந்த டாம்பரும் மாட்டாமலே ஒரு டாம்பர்! பழைய லேண்ட் ரோவரைப் பிரிக்கிறவர்களுக்கு இந்த ரிலே என்றால் கொஞ்சம் பயம். கவனமில்லாமல் வெளியே தட்டினால் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் துப்பாக்கிக் குண்டுபோலப் பாயும். கயிற்றாலோ கோணியாலோ கட்டி வைத்துக்கொண்டுதான் கழற்றுவார்கள்.

நான்காவது எல்லாவற்றையும்விட எளிது. ஓர் இரும்பு ஆப்பு. பட்டை ஸ்பிரிங்குக்கும் ஆக்சிலுக்கும் நடுவே ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் மெலிந்த தகட்டைச் செருகி யு-போல்ட்டை இறுக்கினால் ஆக்சில் ஓரிரு டிகிரி சாய்ந்து, காஸ்டர் கூடும். ஓடிய பட்டை ஸ்பிரிங் தளர்ந்து போன வண்டிக்கு இது கைகண்ட வைத்தியம். தடித்த பக்கத்தை முன்பின் மாற்றி வைத்துவிட்டால் நோய் இரட்டிப்பாகும் என்பது மட்டும் ஞாபகம் இருக்க வேண்டும். காஸ்டரை அளவுக்கு மீறிக் கூட்டினாலும் ஆபத்துதான். ஸ்டியரிங் கல்லாகும், ஷிம்மி ஆட்டமும் தலை காட்டும். தள்ளுவண்டிச் சக்கரம் வேகமாகத் தள்ளும்போது படபடவென்று அடிப்பதைப் பார்த்திருப்பீர்களே, அதேதான்.

வலி மறைந்தது, நோய் மறைந்ததா?

இத்தனை சாமான்களுக்கும் பொதுவான ஒரு கெட்ட குணம் உண்டு. இவை வேலை செய்யும் அழகிலேயே அது இருக்கிறது.

ஸ்டியரிங் ஆடுகிறது என்றால் எங்கோ ஏதோ தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். கிங் பின் புஷ் தேய்ந்திருக்கலாம். டை ராடு முனையின் பந்து மூட்டு லொடலொடத்திருக்கலாம். வீல் பேரிங், ஸ்பிரிங் ஷேக்கிள், ஸ்டியரிங் பெட்டி, அதைச் சேஸிஸோடு பிடித்திருக்கும் போல்ட்டுகள், சக்கரத்தின் சமநிலை எனப் பட்டியல் நீளும். ஒவ்வொன்றையும் பிரித்துப் பார்த்துச் சரிசெய்ய நேரமும் காசும் வேண்டும். ஒரு டாம்பர் வாங்கி மாட்டினால் அரை மணி நேரத்தில் ஆட்டம் நின்றுவிடும். வண்டிக்காரர் எதைத் தேர்ந்தெடுப்பார்?

ஆட்டம்தான் எச்சரிக்கை மணி. டாம்பர் அந்த மணியின் நாக்கைப் பிடித்து நிறுத்துகிறது. உள்ளே தேய்மானம் தன் பாட்டுக்கு நடக்கிறது. பந்து மூட்டு தேய்ந்து தேய்ந்து, ஒரு நாள் குழியிலிருந்து கழன்று விழும். அப்போது ஸ்டியரிங்கைச் சுற்றினால் வெறும் காற்றைச் சுற்றுவதுபோலச் சுற்றும். பல் வலிக்கு மாத்திரை போட்டுக்கொண்டே காலம் தள்ளுவது போலத்தான் இதுவும், என்ன, இங்கே போவது பல் அல்ல. பழைய ஜீப் வைத்திருப்பவர்கள் அந்தக் கொடூர ஆட்டத்துக்குச் 'சாவு ஆட்டம்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். டாம்பர் போட்டு அதை மறைக்காதே, காரணத்தைத் தேடு என்று அவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வதும் அதனால்தான்.

தேடும் முறை ஒன்றும் ராக்கெட் விஞ்ஞானம் இல்லை. ஒருவர் இருக்கையில் உட்கார்ந்து ஸ்டியரிங்கை லேசாக இடமும் வலமும் ஆட்ட வேண்டும். இன்னொருவர் கீழே படுத்து, ஒவ்வொரு மூட்டிலும் கை வைத்துப் பார்க்க வேண்டும். எந்த மூட்டில் ஒரு பக்கம் அசைந்து மறுபக்கம் தாமதமாக அசைகிறதோ அங்கேதான் நோய். பிறகு முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து உள்ளேயும் வெளியேயும் ஆட்டினால் கிங் பின்னும் வீல் பேரிங்கும் தங்கள் கதையைச் சொல்லிவிடும். அடிக்கடி கிரீஸ் அடித்த வண்டிகளில் இந்தக் கதை வெகு தாமதமாகவே தொடங்கும். கிங் பின்னுக்கு கிரீஸ் அடிக்க மறந்த வண்டியில் ஸ்டியரிங் கனப்பதற்கும், திருப்பத்திலிருந்து திரும்பி வர மறுப்பதற்கும் பாவம் காஸ்டரைக் குறை சொல்வார்கள்!

லாரித் துறையிலிருந்து வந்த விடிவு

லேசாக வேண்டும் என்றால் ஆட்டம் வரும், ஆடாமல் இருக்க வேண்டும் என்றால் கனக்கும். இந்தக் கயிறிழுப்பை உடைத்தவர் லாரிகளோடு மல்லுக்கட்டிய ஒருவர் என்பது பொருத்தம்தான். அமெரிக்காவின் பஃபலோ நகரில் இருந்த பியர்ஸ் ஆரோ நிறுவனத்தின் லாரிப் பிரிவில் தலைமைப் பொறியாளராக இருந்தவர் பிரான்சிஸ் டேவிஸ். கனரக லாரியைத் திருப்புவது எவ்வளவு சிரமம் என்பதை நேரில் பார்த்தவர். வேலையை விட்டு விலகி, மாசசூசெட்ஸின் வால்தம் நகரில் ஒரு பட்டறையை வாடகைக்கு எடுத்து, எண்ணெய் அழுத்தத்தால் சக்கரத்தைத் திருப்பும் கருவியை உருவாக்கினார். 1926-ல் ஒரு பியர்ஸ் ஆரோ காரில் அதை மாட்டி ஓட்டிக் காட்டினார்.

எல்லோரும் ஓடி வந்து வாங்கியிருப்பார்கள் என்று நினைப்பீர்கள். ஜெனரல் மோட்டார்ஸ் அவரோடு ஒப்பந்தம் போட்டது. அதற்குள் பெரும் பொருளாதார மந்தம் வந்தது. செலவு அதிகம் என்று 1930-களில் கைவிட்டது. இரண்டாம் உலகப் போரில் கவச வண்டிகளைத் திருப்ப வேண்டிவந்தபோதுதான் பவர் ஸ்டியரிங்குக்கு நல்ல காலம் பிறந்தது. பொதுமக்கள் வாங்கக்கூடிய காரில் அது வந்தது 1951-ல், கிரைஸ்லர் இம்பீரியலில். டேவிஸ் ஓட்டிக் காட்டி இருபத்தைந்து வருடம் கழித்து! அந்த இருபத்தைந்து வருடமும், அதன்பின் பல வருடங்களும் லாரி டிரைவர்களின் தோள்தான் பவர் ஸ்டியரிங்.

பவர் ஸ்டியரிங் கனத்தை மட்டும் குறைக்கவில்லை. அதன் உள்ளே இருக்கும் எண்ணெய், சாலையின் அடியையும் வாங்கிக்கொள்கிறது. காஸ்டரைத் தாராளமாகக் கூட்டி வைக்கலாம், கனத்தைப் பம்ப் பார்த்துக்கொள்ளும். ஒரே சாமானில் இரண்டு பிரச்சினைக்கும் மருந்து.

இந்தியாவுக்கு அது சாவகாசமாகத்தான் வந்து சேர்ந்தது. போர்க்கால ஜீப்பின் வாரிசுகளை மஹிந்திரா இங்கே 1940-களின் இறுதியிலிருந்து உருவாக்கியது. ஜெர்மனியின் டைம்லர் பென்ஸ் கூட்டோடு டாடாவின் லாரிகள் 1954-லிருந்து வந்தன. சென்னை எண்ணூரில் அசோக் லேலண்ட் லாரிகள் பிறந்தன. தேயிலைத் தோட்டத்து ஜீப்புகளும் நெடுஞ்சாலை லாரிகளும் பல பத்தாண்டுகள் கை பலத்திலேயே ஓடின. 1990-களிலும்கூடப் பவர் ஸ்டியரிங் இல்லாத லாரிகள் இங்கே சர்வ சாதாரணம். அந்த டிரைவர்கள் கற்று வைத்திருந்த வித்தைகளில் முக்கியமானது, நின்ற வண்டியில் ஸ்டியரிங்கை ஒடிக்காமல் இருப்பது. கிளட்சை லேசாக விட்டு வண்டி ஓர் அடி உருளத் தொடங்கிய பிறகு சுற்றினால் பாதிக் கனம் போய்விடும். நின்ற டயரைத் தரையில் தேய்த்துத் திருப்புவதற்கும், உருளும் டயரைத் திருப்புவதற்கும் அவ்வளவு வித்தியாசம்.

முன் டயர் வெடித்தால் பிரேக்கை மிதிக்கக் கூடாது என்பதும் அவர்கள் பாடம்தான். இரண்டு கையாலும் ஸ்டியரிங்கை நேராக அழுத்திப் பிடித்து, ஆக்சிலரேட்டரை மெல்ல விட்டு, வேகம் தானாகக் குறைந்த பிறகு ஓரம் கட்ட வேண்டும். பிரேக் அடித்தால் பாரம் முழுதும் முன்னால் சாய்ந்து, வெடித்த டயர் இன்னும் பலமாக இழுக்கும். இது இன்றைய கார்களுக்கும் அப்படியே பொருந்தும்.

பழைய வித்தைகளில் ஒன்று மட்டும் இன்றைய வண்டிகளில் உயிருக்கே உலை வைக்கும். மலைப்பாதையில் இறங்கும்போது டீசல் மிச்சம் பிடிக்க இன்ஜினை ஆஃப் செய்துவிட்டு உருட்டிக்கொண்டு வருவது. பிரேக்கின் பலம் இன்ஜினை நம்பி இருப்பதால் அது அந்தக் காலத்திலும் தப்புதான். ஆனால் ஸ்டியரிங்காவது முன்போலவே இருந்தது, இன்ஜின் ஓடினாலும் ஓடாவிட்டாலும் அதே கனம். பவர் ஸ்டியரிங் வண்டியில் இன்ஜின் நின்றால் பம்பும் நிற்கும். பம்ப் இருக்கிறது என்ற தைரியத்தில் ஸ்டியரிங் பெட்டியின் விகிதத்தைக் குறைவாக வைத்திருப்பார்கள், வளையத்தையும் சிறிதாக்கியிருப்பார்கள். அதனால் அந்தக் கொண்டை ஊசி வளைவில் டிரைவரின் கைக்கு வரும் கனம், அவருடைய தாத்தா ஓட்டிய பழைய லாரியின் கனத்தைவிட அதிகமாக இருக்கும்.